திங்கட்கிழமை டேங்க் நாற்றமும் சக்கில் சுற்றும் சுருளும்: ரெண்டும் ஒரே பிரச்சினையா?

1. செட்டர்22

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்) உள்ள சின்ன ஷாப்பில், மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டராக இருக்கிறேன். லேத்தில் ஓடுவது பெரும்பாலும் 304 ஸ்டெயின்லெஸ். விஎம்சியில் அலுமினியம், இடையிடையே கொஞ்சம் காஸ்ட் அயர்ன்.

ரெண்டு தொல்லை. ஒன்று, வெட்டும்போது வரும் ஸ்டெயின்லெஸ் சுருள் உடையவே மாட்டேன் என்கிறது. நீளநீளமாக வந்து, ஜாபை (வெட்டப்படும் துண்டை) பிடித்துச் சுற்றும் சக்கையும் டூல் மாட்டிய டர்ரெட்டையும் சுற்றிக்கொள்கிறது. நாலு ஜாபுக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்திக் கொக்கியால் இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இன்னொன்று, திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கூலண்ட் (வெட்டும் இடத்தில் ஊற்றும், எண்ணெய் கலந்த தண்ணீர்) டேங்க் 180 லிட்டர். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுசாக வடித்துப் புதுசு ஊற்றுகிறோம். மூன்றே வாரத்தில் பழையபடி நாறுகிறது. இதில் போன மாதத்திலிருந்து ஒரு ஆபரேட்டருக்குக் கையெல்லாம் சிவந்து தோல் உரிகிறது.

கூலண்ட் பிராண்டை மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. மாற்றினால் தீருமா?

2. பழைய டர்னர்

தம்பி, பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தச் சுருள்.

ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) எவ்வளவு, டெப்த் (வெட்டின் ஆழம்) எவ்வளவு, இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனைத் துண்டு) மூக்கு ரேடியஸ் எவ்வளவு? 304-க்கு ரஃபிங் (முதல் கனமான வெட்டு) இன்சர்ட் மாட்டிவிட்டு 0.1 ஃபீடில் அரை மில்லிமீட்டர் எடுத்தால், சுருளை முறிக்க இன்சர்ட்டில் போட்ட பள்ளம், சிப் பிரேக்கர், எதற்காக இருக்கிறது? சுருளை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளி மடக்குவதே ஃபீடுதான். மெல்லிசாக வருகிற சுருள் ரிப்பன் மாதிரி, எப்படி வளைத்தாலும் உடையாது. தடிமன் இருந்தால்தான் மடங்கும்போது முறியும்.

ரஃபிங்கை 0.25 வரைக்கும் ஏற்றிப் பார். ஜாப் தாங்கும் என்றால் டெப்த் 1.5, 2 எடு. ஃபினிஷிங்குக்கு 0.4 ரேடியஸில், ஃபினிஷிங் பிரேக்கர் உள்ள இன்சர்ட் தனியாக வை. ஒரே இன்சர்ட்டில் ரெண்டையும் முடிக்கப் பார்த்தால் ரெண்டுமே கெடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் இடது கை ஆள்காட்டி விரலில் நடுக்கணுவிலிருந்து நுனி வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் க்ளவுஸ் போட்ட கையோடு, சக் சுற்றும்போதே சுருளை இழுத்தேன். சுருள் க்ளவுஸைப் பிடித்துக்கொண்டது, சக் சுருளைப் பிடித்துக்கொண்டது. ஃபோர்மேன் எமர்ஜென்சி பட்டனுக்குப் பக்கத்தில் நின்றதால் விரல் தப்பியது. சுருள் அறுக்கும்போது வலிக்காது, அதுதான் அதில் மோசம். கூலண்ட் சிவக்கிற வரைக்கும் தெரியவே இல்லை. சுற்றுகிற எதற்கும் பக்கத்தில் க்ளவுஸ் வேண்டாம். மெஷினை நிறுத்திவிட்டு, கைப்பிடிக் காப்பு வைத்த கொக்கியால் எடு. இதை உன் ஆபரேட்டர்கள் எல்லோரிடமும் உட்காரவைத்துச் சொல்.

3. எமல்ஷன்

நான் கூலண்ட் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், விற்பனைப் பக்கம் இல்லை. பிராண்டை மாற்றினால் புதுக் கூலண்டும் மூன்று வாரத்தில் நாறும். ஏனென்று சொல்வதற்கு முன்னால் எனக்குச் சில விவரம் வேண்டும்.

கூலண்டில் எண்ணெய்ச் செறிவு எத்தனை சதவீதம்? பிஎச் எவ்வளவு? எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? மட்டம் குறைந்தால் என்ன சேர்க்கிறீர்கள்?

ஒரு சின்ன சோதனையும் செய்யுங்கள், காசே ஆகாது. பம்ப் ஓடும்போது நாசிலிலிருந்து வரும் கூலண்டை ஒரு நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஆடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பார்த்ததை அப்படியே எழுதுங்கள்.

4. செட்டர்22

டர்னர் அண்ணே, நீங்கள் கணித்தது சரி. ஃபீடு 0.12, டெப்த் 0.5, ரேடியஸ் 0.8. இன்றைக்கு ரஃபிங்கை 0.22-க்கு ஏற்றினேன். சுருள் 9 வடிவத்தில் முறிந்து விழ ஆரம்பித்துவிட்டது. துளையின் உள்பக்கம் கடையும் போரிங் பாரில் மட்டும் இன்னும் நீளமாகத்தான் வருகிறது.

எமல்ஷன் அக்கா, உண்மையைச் சொல்கிறேன். செறிவு அளந்ததில்லை, பிஎச்சும் அளந்ததில்லை. மட்டம் குறைந்தால் ஆபரேட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார். பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் சரி என்று விட்டுவிடுவோம். புதுசு ஊற்றும்போது முதலில் எண்ணெய், அதன் மேலே தண்ணீர்.

பாட்டிலில் பார்த்தது: மேலே சுண்டுவிரல் தடிமனுக்கு மஞ்சள் எண்ணெய். அதன் அடியில் அழுக்கு வெள்ளையாக, தயிர் திரிந்த மாதிரி ஒரு படலம். நடுவில் சாம்பல் நிறக் கூலண்ட். அடியில் அரை அங்குலத்துக்குக் கருப்பு வண்டல். பாட்டிலைச் சாய்த்தால் அந்த வண்டல் மெதுவாக, சேறு வழுக்குகிற மாதிரி நகர்கிறது. காந்தத்தை வெளியில் வைத்து இழுத்தால் கொஞ்சம் கூட வருகிறது.

5. எமல்ஷன்

இந்த பாட்டிலிலேயே எல்லாம் இருக்கிறது. மேலிருந்து வருகிறேன்.

மஞ்சள் எண்ணெய் உங்கள் கூலண்டின் எண்ணெய் இல்லை. ஸ்லைடுவேயிலிருந்தும் (மெஷின் பாகங்கள் வழுக்கி நகரும் தடம்) ஹைட்ராலிக்கிலிருந்தும் கசிந்து வந்தது. மெஷின் நின்றதும் அது டேங்கின் மேல் மூடி போட்ட மாதிரி பரவிவிடும். அதன் கீழே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழ்கிற பாக்டீரியா ஒரு வகை உண்டு. தண்ணீரில் உள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். சனிக்கிழமை மதியம் பம்ப் நின்றால் திங்கள் காலை வரைக்கும் அதற்கு ராஜ்ஜியம்.

தயிர் மாதிரி இருக்கும் படலம் தண்ணீரின் கடினத்தன்மையால் வந்திருக்கலாம். கால்சியமும் மெக்னீசியமும் கூலண்டில் உள்ள சோப்பு மாதிரியான பொருளோடு சேர்ந்து திரிந்துபோகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. டேங்கிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு வாளிக் குழாய்த் தண்ணீரும் புதிதாக உப்பைக் கொண்டு வருகிறது. 150 பிபிஎம் தண்ணீரில் தொடங்கின டேங்க் சில மாதத்தில் அதைப்போல் பல மடங்கு கடினமாகிவிடும். அதனால் நிரப்பும்போது இல்லாவிட்டாலும், மேல்நிரப்புக்காவது ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக அந்தக் கருப்பு வண்டல். உங்கள் தலைப்புக் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஆமாம், ரெண்டும் ஒரே பிரச்சினை: சரியாக வெளியேறாத சிப்ஸ், அதாவது வெட்டிவிழும் சுருளும் துகளும். டேங்கின் அடியில் கிடக்கிற சிப்ஸ் வெறும் இரும்பு இல்லை. ஒவ்வொரு துகளின் மேலும் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு படலத்துக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும். நுண்துகளின் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. கூலண்டில் இருக்கிற எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைப்பது), துருத்தடுப்பான் இதெல்லாம் அந்தப் பரப்பில் ஒட்டியே தீர்ந்துபோகும். நீங்கள் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வடித்துவிட்டு ஊற்றும் புதுக் கூலண்ட் நேராகப் பழைய சேற்றின் மேல்தான் விழுகிறது. உறை ஊற்றின பாத்திரத்தில் புதுப்பால் ஊற்றுவதுபோல. மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

கலக்கும் முறையையும் மாற்றுங்கள். எப்போதும் தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு, கலக்கிக்கொண்டே. எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் தண்ணீருக்குள் எண்ணெய்த் துளி என்பது தலைகீழாகி, எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளியாகக் கட்டியாகிவிடும். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், வேலை செய்யாது.

6. மெயின்டனன்ஸ்

அக்கா சொன்ன மஞ்சள் எண்ணெய்க்கு என் பங்கு. நான் ஒரு பெரிய ஷாப்பில் மெஷின்களைப் பராமரிக்கிறவன்.

ஸ்லைடுவேக்குப் போகிற ஆயில் திரும்பி எங்கும் போவதில்லை, கடைசியில் கூலண்ட் டேங்குக்குத்தான் வரும். லூப் (உயவு எண்ணெய்) டேங்கில் மாதம் எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்களோ கிட்டத்தட்ட அத்தனையும் கூலண்டில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லூப் பம்பின் டைமர் அளவுக்கு மேல் அடிக்கிறதா பாருங்கள். எங்களிடம் ஒரு மெஷினில் எண்ணெயை அளந்துவிடும் மீட்டரிங் வால்வு ஒன்று போய், ஒரே ஆக்சிஸ் ஆறு மடங்கு குடித்துக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக் சக் சிலிண்டர் கசிவையும் பாருங்கள்.

மிதக்கும் எண்ணெயைப் பெல்ட்டில் அள்ளும் ஸ்கிம்மர் வைக்கச் சொல்வார்கள். வையுங்கள், ஆனால் எப்போது ஓட்டுவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பம்ப் ஓடும்போது எண்ணெய் எல்லாம் கலங்கிக் கிடக்கும், பெல்ட்டில் வராது. மெஷினை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து எண்ணெய் மேலே வந்தபின் ஓட்டினால் அள்ளிக்கொண்டு வரும். டைமர் போட்டு ராத்திரியில் ரெண்டு மணி நேரம் ஓட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். எண்ணெய் தீர்ந்த பிறகும் பெல்ட் ஓடினால் நல்ல கூலண்டைத்தான் இழுத்து வெளியே போடும்.

வாரக் கடைசிக்கு ஒரு எளிய வழி: மீன்தொட்டிக்குப் போடும் சின்ன ஏர் பம்ப். குழாயைக் கூலண்டுக்குள் விட்டுக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த சூழல் அமையாது. ஆனால் இது திங்கட்கிழமையைச் சமாளிக்க மட்டும்தான். அடியில் உள்ள சேற்றை அது ஒன்றும் செய்யாது.

அப்புறம், சிப்ஸை வெளியே கொண்டுபோகும் கன்வேயர் என்ன வகை? கீல் பெல்ட்டா?

7. ராப்பகல் ஷிஃப்ட்

இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் ஆபரேட்டர். எனக்கும் இதே மாதிரி கை சிவந்து வெடித்தது. விரல் இடுக்கில்தான் முதலில் ஆரம்பித்தது, மோதிரத்துக்கு அடியில். கூலண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வேறு கூலண்ட் ஓடும் மெஷினுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கேயும் வந்தது. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேலை முடிந்ததும் கையை எதில் கழுவுகிறாய்?" கூலண்டிலேயேதான் கழுவுவேன். கிரீஸ் போகும் என்று எல்லோரும் செய்வதுதான். அந்தக் கையை எந்தத் துணியில் துடைத்தேனோ அதே துணியில்தான் ஜாபையும் துடைப்போம். துணி முழுக்க நுண்சிப்ஸ்.

அந்த அண்ணனை, உங்கள் ஆபரேட்டரைச் சொல்கிறேன், தயவுசெய்து நல்ல டாக்டரிடம் அனுப்புங்கள். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டால் ஆறாது. எனக்கு நாலு மாதம் ஆனது.

8. எமல்ஷன்

ராப்பகல் சொன்னது முக்கியமானது. கூலண்ட் காரத்தன்மை உள்ளது, பிஎச் 9 வாக்கில். தோலின் இயற்கையான எண்ணெயை அது எடுத்துவிடும். அந்த வறண்ட தோலில் சிப்ஸ் நுண்ணிய கீறல் போடும். கீறல் வழியாகப் பாக்டீரியாவும் வேதிப்பொருளும் உள்ளே போகும். தண்ணீர் ஆவியாகிச் செறிவு 15 சதவீதத்துக்கு ஏறிய டேங்கும் தோலைக் கெடுக்கும், 2 சதவீதத்துக்கு இறங்கிப் பாக்டீரியா பெருகின டேங்கும் கெடுக்கும். தனி சோப்பு, சுத்தமான துணி, வேலைக்கு முன்னும் பின்னும் கைக்குக் கிரீம். மெஷின் நின்றிருக்கும்போது ஜாபைக் கையாள நைட்ரைல் க்ளவுஸ்.

மூச்சையும் மறக்க வேண்டாம். ஸ்பிண்டில் வேகமாகச் சுற்றும்போது கூலண்ட் புகைபோல மிதக்கிறதல்லவா, கெட்டுப்போன டேங்கிலிருந்து வரும் அந்த மூட்டத்தைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வந்திருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1998-இல் பரிந்துரைத்த வரம்பு, காற்றில் கன மீட்டருக்கு மொத்தம் 0.5 மில்லிகிராம். சைக்கிள் முடிந்த நொடியே கதவைத் திறக்காமல் கொஞ்சம் பொறுத்துத் திறப்பது, மூட்டத்தை உறிஞ்சும் மிஸ்ட் கலெக்டரின் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுவது, இந்த ரெண்டும் நிறையக் குறைக்கும்.

9. மூன்றச்சு

இவ்வளவு சிரமம் எதற்கு? பயோசைடு (பாக்டீரியாக் கொல்லி) ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினால் ரெண்டு நாளில் நாற்றம் போய்விடும். நாங்கள் வருஷக்கணக்காக அப்படித்தான் ஓட்டுகிறோம்.

10. எமல்ஷன்

நாற்றம் போகும், மறுக்கவில்லை. எப்படிப் போகிறது என்று பாருங்கள். கூலண்டில் மிதக்கிற பாக்டீரியா சாகும். சேற்றுக்குள், படலத்துக்கு அடியில் இருப்பது சாகாது. மருந்தின் வீரியம் குறைந்ததும் அங்கிருந்து மறுபடி கிளம்பும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றுவீர்கள். பயோசைடுகளில் பல ஃபார்மால்டிஹைடை வெளிவிடுகிறவை, வேறு சில தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறவை. ஏற்கெனவே கை உரிந்த ஒருவர் அந்த டேங்கில் வேலை செய்கிறார். அதை நினைத்தாவது முதல் வழியாக இதைச் சொல்லாதீர்கள். சுத்தம் செய்த டேங்கில், அளவறிந்து, கூலண்ட் தயாரிப்பாளர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் ஊற்றுவது வேறு விஷயம்.

11. மூன்றச்சு

சரி, இதில் நான் அவசரப்பட்டுவிட்டேன். கை உரிந்த விஷயத்தை யோசிக்கவில்லை. எங்கள் டேங்கிலும் பாட்டில் சோதனை செய்து பார்க்கிறேன்.

அலுமினியம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், செட்டர் தம்பிக்கு உதவும். வெட்டும்போது உண்டாகும் சூட்டில் பெரும்பகுதி சிப்ஸோடுதான் போகிறது. அந்தச் சூடான சிப்ஸ், ஜாபைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் மேலேயும் ஜாப் மேலேயும் குவிந்து கிடந்தால் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். 250 மில்லி நீள அலுமினிய ஜாப் 8 டிகிரி சூடேறினால் 0.046 மில்லி நீளும். எங்களுக்கு ரெண்டு துளைகளின் மையத் தூரம் மதியத்துக்கு மேல் மட்டும் தவறிக்கொண்டே இருந்தது. மெஷினைச் சந்தேகப்பட்டு ரெண்டு நாள் பால்பார் (மெஷினின் துல்லியத்தைச் சோதிக்கும் கருவி) வைத்து அளந்தோம். கடைசியில் பார்த்தால் ஃபிக்ஸ்சரின் ஒரு மூலையில் சிப்ஸ் மேடு. கூலண்ட் நாசில் ஒன்றை அந்த மூலைக்குத் திருப்பியதும் சரியாயிற்று.

ஏர் கன்னால் ஊதுவதைக் குறையுங்கள். அமெரிக்க விதிப்படி சுத்தம் செய்யப் பயன்படும் காற்று 30 பிஎஸ்ஐக்குள், அதாவது சுமார் 2 பாருக்குள் இருக்க வேண்டும். சிப்ஸ் தெறிக்காமல் தடுப்பும் கண்ணாடியும் வேண்டும். ஷாப் லைனில் வருவது 6 பார். அது சிப்ஸை வைப்பருக்கு அடியிலும் ஸ்பிண்டில் சீலுக்குள்ளும் ஓட்டிவிடும். நாங்கள் டூல் ஹோல்டரில் மாட்டுகிற விசிறி ஒன்று வைத்திருக்கிறோம். புரோகிராம் முடிவில் அதைச் சுற்றவிட்டு, முதலில் கூலண்டால் கழுவி, பிறகு காற்றால் தள்ளுகிறோம். கதவு மூடியே இருக்கும்.

ஈரமான அலுமினியத் தூளை மூடி இறுகப்போட்ட டிரம்மில் அடைக்காதீர்கள். தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வரும். கிரைண்டிங் தூள் என்றால் இன்னும் வேகமாக. இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் ஒரே தொட்டியில் கலக்கவும் கூடாது.

12. உருக்கிரும்பு

காஸ்ட் அயர்ன் ஓட்டுகிறவன் நான். எங்கள் பாடு வேறு. சுருளே வராது, பொடியாகத்தான் வரும். கிராஃபைட் கலந்து கரி மாதிரி எல்லா இடத்திலும் ஒட்டும். மெயின்டனன்ஸ் சார் கேட்டது சரியான கேள்வி. கீல் பெல்ட்டில் காஸ்ட் அயர்ன் பொடியைப் போட்டால் கீல் இடுக்கு வழியாகவே டேங்குக்குள் இறங்கிவிடும். எங்களுக்கு ஸ்கிரேப்பர் வகையும், அதற்குப் பின்னால் காந்த உருளையும்தான் கைகொடுத்தது. முடிகிற ஜாபையெல்லாம் கூலண்ட் இல்லாமல் உலர்வாகவே ஓட்டித் தூசியை உறிஞ்சி எடுத்துவிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரமான காஸ்ட் அயர்ன் பொடியை டிரம்மில் நெஞ்சளவுக்குக் குவித்துவைத்தோம். திங்கட்கிழமை டிரம்மின் வெளிப்பக்கம் தொட முடியாத சூடு, மேலே லேசாக ஆவி. உள்ளே கம்பியை விட்டால் கட்டி கட்டியாக இறுகியிருந்தது. துருப்பிடிப்பதே சூட்டைத் தருகிற வினைதான். குவியலுக்குள் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். எண்ணெய்த் துணி அதற்குள் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். இரும்புச் சீவல், துருவல் தானே சூடேறும் தன்மை கொண்டது என்பதற்காகவே ஆபத்தான சரக்குகளின் ஐ.நா. பட்டியலில் 2793 என்று தனி எண் இருக்கிறது. அன்றிலிருந்து சின்னச் சின்னத் தொட்டி, அடியில் வடிகால், தினமும் காலி.

13. பழைய டர்னர்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது மெக்னீசியம் ஜாப் கொண்டுவந்தால் இதே மெஷினில், இதே தொட்டியில் ஏற்றிவிடாதீர்கள். அந்தத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ இன்னும் மூளும். காய்ந்த மணல், அல்லது உலோகத் தீக்கான தனி அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

எமல்ஷன் அம்மா பிஎச் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1880-களில், டூல் முனையில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் கூட்டலாம் என்று கண்டார். துருப்பிடிக்குமே என்று அதில் சோடா கலந்தார்கள். காரத்தை ஏற்றித் துருவைத் தடுப்பது அன்றைக்கே தொடங்கியதுதான். எங்கள் குருவும் சோடாத் தண்ணீரில் லேத் ஓட்டினவர்.

போரிங் பார் கேட்டாயே தம்பி. உள்ளே சுருள் வெளியேற இடம் வேண்டும். துளையில் பாதிக்கு மேல் அடைக்கிற பார் மாட்டாதே. கூலண்ட் பாருக்குள்ளிருந்தே வருகிற வகை இருந்தால் சுருளைத் தள்ளிக்கொண்டு வரும். இல்லாவிட்டால் வெட்டை ரெண்டு மூன்றாகப் பிரித்து, இடையில் நொடி நேரம் ஃபீடை நிறுத்திப் போ. அந்த நிறுத்தத்தில் சுருள் அறுந்துவிடும். துளை போடும்போது ஜி83 (டிரில்லை விட்டுவிட்டு இறக்கும் புரோகிராம் கட்டளை).

14. செட்டர்22

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் டேங்க் வேலை. யாருக்காவது பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வெள்ளி மதியமே பழைய கூலண்டில் டேங்க் கிளீனர் ஊற்றி, ராத்திரி முழுக்க பம்பை ஓட்டினோம். சனி காலை வடித்தோம். வடித்ததைச் சாக்கடையில் விடவில்லை, பீப்பாயில் பிடித்துக் கழிவு எடுப்பவர்களுக்காக மூடி ஓரமாக வைத்திருக்கிறோம். டேங்கை மெஷினுக்கு அடியிலிருந்து இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

மூடியைக் கழற்றினதும் ஒருவரும் பேசவில்லை. அடியில் ஒரு ஜாண் உயரத்துக்குக் கருப்புச் சேறு. மேலே ஜெல்லி மாதிரி சாம்பல் நிறத் தோல், கரண்டியால் தூக்கினால் ஒரே துண்டாக வருகிறது. அதற்கடியில் துரு ஏறிய சுருள், இன்சர்ட் துண்டு, ரெண்டு ஆலன் கீ, தொலைந்துபோனதாக நினைத்த ஒரு சாஃப்ட் ஜா போல்ட். 180 லிட்டர் டேங்கில் நிஜமாகக் கூலண்ட் நின்றது 110 லிட்டர்தான் இருக்கும். பம்பின் சல்லடை பாதி அடைத்திருந்தது. நாசிலில் வேகம் குறைந்ததற்கும் சுருள் சக்கில் தங்கினதற்கும் அதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது.

சேற்றை அள்ளி, சுவரெல்லாம் தேய்த்து, தண்ணீரால் ரெண்டு முறை, பிறகு ரெண்டு சதவீதக் கூலண்டால் ஒரு முறை சுற்றவிட்டுக் கழுவினோம். பைப்புக்குள்ளேயும் அந்தக் கழுவல் ஓடியது. அப்புறம் ஆர்ஓ தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு.

செறிவு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வந்துவிட்டது. சுத்தத் தண்ணீரில் பூஜ்யம் வைத்து, கூலண்டில் ஒரு சொட்டு. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் கோடு 5.3-இல் நிற்கிறது. டப்பாவில் காரணி 1.5 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 8 சதவீதம்தானே?

15. மெயின்டனன்ஸ்

அருமையான வேலை. பெரிய குழித் தொட்டி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆள் இறங்குகிற ஆழம் என்றால் யாரையும் சும்மா இறக்காதீர்கள். அந்த முட்டை நாற்ற வாயு அடர்த்தியாக இருந்தால் மூக்குக்குத் தெரியாமலே போகும், உயிரைக் குடித்துவிடும்.

அடுத்த ஆறு வருஷம் சேறு சேராமல் இருக்க: கன்வேயரிலிருந்து கூலண்ட் டேங்குக்கு விழும் இடத்தில் கூடை சல்லடை ஒன்று வை. ஷிஃப்டுக்கு ஒருமுறை தட்டிக் காலி செய்யட்டும். கன்வேயரையும் நாள் முழுக்க ஓட்டாதே. அஞ்சு நிமிஷம் ஓடி, பத்துப் பதினைந்து நிமிஷம் நின்றால் சிப்ஸ் சரிவிலேயே வடியும், கூலண்ட் ஸ்கிராப் தொட்டிக்குள் போகாது. ஸ்கிராப் எடுப்பவர் ஈரத்துக்காக எடையில் கழிப்பதும் குறையும்.

16. எமல்ஷன்

5.3 பெருக்கல் 1.5, 7.95. சரியான கணக்கு. நாளாக நாளாக அந்தக் கோடு மங்கித் தெரிந்தால் வெளி எண்ணெய் கூலண்டோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

மேல்நிரப்பு இப்படி. 180 லிட்டரில் 40 லிட்டர் ஆவியாகி 140 ஆகியிருக்கிறது, அளந்தால் 10 சதவீதம் காட்டுகிறது என்று வையுங்கள். அதில் எண்ணெய் 14 லிட்டர். 180-க்கு 8 சதவீதம் என்றால் 14.4 லிட்டர் வேண்டும். குறைவது 0.4 லிட்டர்தான். 40 லிட்டர் தண்ணீரில் அதை, அதாவது 1 சதவீதமாகக் கலந்து ஊற்ற வேண்டும். ஆனால் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றும் பழக்கம் வேண்டாம். சிப்ஸோடும் ஜாபோடும் வெளியே போவது தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்துதான். அளந்துவிட்டு ஊற்றினால் குழப்பமே இல்லை.

பிஎச் பட்டையும் வாரம் ஒருமுறை. புதிதாக இருக்கும்போது என்ன காட்டுகிறதோ அதை டேங்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 8.5-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா வேலை ஆரம்பித்துவிட்டது. மூக்குக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அது சொல்லிவிடும். விஎம்சியில் பிஎச் 9.5-ஐத் தாண்டாமலும் பாருங்கள், அலுமினியம் கறுத்துப்போகும்.

17. ராப்பகல் ஷிஃப்ட்

செட்டர் சார், அந்த ஆபரேட்டர் அண்ணன் எப்படி இருக்கிறார்?

18. செட்டர்22

ஏழு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். மூன்று வாரம் அசெம்பிளி பக்கம் போட்டோம். டாக்டர் தந்த களிம்பு, தனி சோப்பு. தோல் ஆறிவிட்டது, இப்போது லேத்துக்கே திரும்பிவிட்டார். தினமும் காலையில் ரிஃப்ராக்டோமீட்டர் பார்ப்பது அவர்தான். சுவரில் ஒரு தாள் ஒட்டித் தேதியும் எண்ணும் எழுதுகிறார். யாரும் அவரைக் கேட்காமல் டேங்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற முடியாது.

லேத் டேங்கில் ஏழாவது திங்கட்கிழமையும் நாற்றம் இல்லை. செறிவு 7-க்கும் 8.5-க்கும் நடுவில், பிஎச் 9.1. லூப் டைமரைப் பாதியாகக் குறைத்தோம். அது முதல் நாளிலிருந்தே தவறாக வைக்கப்பட்டிருந்தது. சுருள் ரஃபிங்கில் நன்றாக முறிகிறது. போரிங்கில் டர்னர் அண்ணே சொன்ன நிறுத்தம் கைகொடுத்தது, ஆனால் நிறுத்தின இடத்தில் ஜாபில் மெல்லிய வளையக் கோடு விழுகிறது. ஃபினிஷ் பாஸில் அது போய்விடுகிறது என்பதால் இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

விஎம்சியில்தான் இன்னும் தீரவில்லை. அலுமினியமும் காஸ்ட் அயர்னும் ஒரே டேங்கில் ஓடுகிறது. காஸ்ட் அயர்ன் ஜாபை வாரத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்கி, முடிந்ததும் காந்தம் வைத்துத் துகளை எடுத்துப் பார்க்கிறோம். ஆனாலும் பாட்டிலின் அடியில் கருப்பு நிற்கிறது.

19. உருக்கிரும்பு

தம்பி, அந்த ஜாபை உலர்வாக ஓட்ட முடியுமா பார். இன்சர்ட் கிரேடு, ஜாபின் அளவு, எவ்வளவு எடுக்கிறாய், இதையெல்லாம் எழுது. கூலண்டே இல்லாமல் வேக்குவம் வைத்து முடித்துவிட்டால் அந்தத் துகள் டேங்குக்குப் போகவே போகாது.

20. செட்டர்22

நாளைக்கு டிராயிங்கைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன் சார். ஃபேஸ் மில் 63 மில்லி, அஞ்சு இன்சர்ட், 2 மில்லி எடுக்கிறோம். கிரேடு பெட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.